சீவிய பட்டை மீண்டும் வளர்வது எப்படி?



பால்மரத்தில் பட்டையைச் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்துவிடுகிறது. அதே மரத்தில் கத்தி சற்று ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அங்கே முடிச்சும் மேடுபள்ளமும்தான் மிஞ்சுகின்றன. ஏன் இந்த வேறுபாடு?

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனைக் கேம்பியம் என்பர். அங்கே இருப்பவை குருத்தணுக்கள். அதாவது, இன்னும் எந்த வேலைக்கும் பெயர் கொடுக்காத உயிரணுக்கள். ஓர் அணு இரண்டாகும்போது ஒன்று குருத்தணுவாகவே நிற்கலாம். மற்றது வேலைக்குப் போகும். உட்புறம் போனது கட்டையாகும். வெளிப்புறம் போனது பட்டையாகவும் பால் ஓடும் குழாயாகவும் மாறும்.

எல்லாமே வேலைக்குப் போய்விட்டால் படலம் தீர்ந்துவிடுமே! அதைத் தடுப்பது எது?

2006ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள், ஜின்னியா என்ற பூச்செடியின் உயிரணுக்களை வளர்த்து இதற்கு விடை கண்டார்கள். 12 அமினோ அமிலங்களே கொண்ட சின்னஞ்சிறு புரதத் துண்டு ஒன்று தூது போகிறது. தழையில் செய்த உணவைக் கீழே கொண்டுசெல்லும் பட்டைப் பகுதிதான் அதை அனுப்புகிறது. தூது சொல்வது இரண்டு செய்தி: “கட்டையாக மாறாதே, பெருகு.”

தூது வந்தால் போதுமா? வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? குருத்தணுவின் மேற்புறத்தில் அதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. வாசலில் தொங்கும் தபால் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008இல், கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பெட்டி இல்லாத செடிகளில் குருத்தணுக்கள் கட்டையாகி, படலமே குறைந்துபோயிற்று.

இனி நம் மரத்துக்கு வருவோம். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது இந்தப் படலத்தை ஒட்டியே. எடை பார்த்துக் கூலி கொடுக்கும்போது, இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் என்ன என்று கை துடிப்பது இயல்புதான். ஆனால் அங்கே ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். படலம் அறுபட்டால் தூது வாங்கும் குருத்தணுவே அவ்விடத்தில் இல்லை. காயத்தின் ஓரத்திலிருந்துதான் சதை வந்து மூட வேண்டும். அந்தக் கரடான பட்டையில் அடுத்த சுற்றுக்குக் கத்தி சீராக ஓடாது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, 1890களில் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையை வகுத்ததன் அருமை இதுவே.

இப்போது பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது. அதன் தண்டில் இத்தகைய படலம் கிடையாது. வெட்டுப்பட்ட இடம் வெட்டுப்பட்டதுதான். மேல்நோக்கி வளர்வதற்குரிய குருத்தணுக்கள் உச்சிக் குருத்தில் மட்டுமே உள்ளன. அந்தக் குருத்து அழிந்தால் மரமே பட்டுப்போகும்.