மாதிரி எடுப்பவரின் பொறுப்பு

வேலையில் அமர்த்துவதற்கு முன் ஒருவரின் உடலைச் சோதித்துப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். கண்பார்வை, நெஞ்சளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இப்போது சில தொழில்களில் மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: ‘இவர் போதைப்பொருள் உட்கொண்டவரா?’ இதற்கு விடை காணச் சிறுநீர் மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அக்கூடத்திலுள்ள நுட்பமான கருவிகளைப் பற்றி நாம் வியந்து பேசுகிறோம். ஆனால் கருவி அறிவது புட்டியில் உள்ள நீரை மட்டுமே. அந்நீர் யாருடையது என்பதை அது அறியாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தாம். மாதிரியைப் பெற்று, புட்டியில் ஊற்றி, முத்திரையிட்டு, கையொப்பமிட்டவர் அவர். அவருக்குப் பயிற்சி எதற்கு, அப்பயிற்சிக்குச் சான்று எதற்கு என்பதே இப்பேச்சின் பொருள்.

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் பகுதியில் வாழும் எங்களுக்கு விமானத்தின் ஒலி பழகிப்போன ஒன்று. விமான நிலையம் அவ்வளவு அருகில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும். அவ்வேளையில் சில மணி நேரம் விமானங்கள் வருவதும் போவதும் நிறுத்தப்படும். மற்ற நாட்களில் அப்பாதையில் இறங்கும் பிரயாணிகளின் உயிர், விமானியின் தெளிந்த அறிவையும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருப்பவரின் விழிப்பையும் பொறுத்தது. இதனை முன்னிட்டே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒரு விதியை வகுத்து, 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விமானிகளிலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுதோறும் குறைந்தது 10 சதவீதத்தினரை, முறைவைத்து அல்லாமல் குலுக்கலாகத் தேர்ந்து சோதிக்க வேண்டும் என்று அது கூறிற்று. கஞ்சா, கொக்கெயின், அபின் வகைகள், ஆம்ஃபெட்டமின் வகைகள், பார்பிட்யூரேட், பென்சோடயசெபீன் ஆகியவை அங்கே தேடப்படும் பொருள்கள்.

மொழிபெயர்ப்பே தொழிலாக உடைய எனக்கு அவ்விதியில் உள்ள ஒரு சொல் முக்கியமாகப் படுகிறது. முதற்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்தால், அம்முடிவை ‘நேர்மறை’ என்று அவ்விதி குறிப்பதில்லை. ‘எதிர்மறை அல்லாதது’ என்றே குறிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உறுதிச் சோதனை நடந்த பின்னரே ‘நேர்மறை’ என்ற சொல் வரும். முடிவு தெரியும் வரை அவர் பாதுகாப்புக்குரிய பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுவார். குற்றம் உறுதிப்பட்டால், முதல் முறை போதை நீக்கச் சிகிச்சைக்கு அனுப்பப்படுவார். மறுமுறை உரிமம் 3 ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்படும். மூன்றாம் முறை உரிமமே ரத்தாகும். ‘எதிர்மறை அல்லாதது’ என்பது காதுக்கு இனிய தொடர் அன்று. எனினும் அதை ‘போதை உண்டு’ என்று எளிமைப்படுத்தி எழுதுபவர், விசாரணை முடியுமுன்பே தீர்ப்பு எழுதியவராவார். மாதிரி எடுப்பவர் கற்க வேண்டிய முதற்பாடமும் இதுவே. அவர் வேலை மாதிரியை எடுப்பது, முடிவு சொல்வதன்று.

மாதிரி எடுப்பவரின் கடமைகளை மிக விரிவாக எழுதி வைத்திருக்கும் நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்னும் இடத்தில், நிறுத்தக் குறியைக் கடந்து வந்த சரக்கு ரயில் எஞ்சின்கள் மீது ஒரு பிரயாணி ரயில் மோதியது. 16 பேர் இறந்தனர். அந்த எஞ்சின்களை ஓட்டி வந்தவரும் அவருடைய துணைவரும் கஞ்சா புகைத்திருந்தது பின்னர் தெரிய வந்தது. நாடெங்கும் எழுந்த கவலையின் விளைவாக, போக்குவரத்துத் தொழிலாளரைச் சோதிக்கும் சட்டம் 1991இல் இயற்றப்பட்டது. சோதனை கட்டாயமான பிறகு, அதை யார், எப்படி நடத்துவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அங்குள்ள முறையைச் சுருக்கமாகக் காண்போம். சோதனைக்கு வருபவரின் அடையாளம் முதலில் சரிபார்க்கப்படும். அவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையில் உள்ளவற்றை எடுத்துக் காட்டி, கை கழுவ வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் நீரில் நீல நிறம் கலந்திருப்பார்கள். அந்நீரை மொண்டு கலத்தில் கலந்தால் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். சாதாரணமாக அவர் தனிமையிலேயே மாதிரியைத் தருவார். கலம் கைக்கு வந்த 4 நிமிடங்களுக்குள் அதன் வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அது 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் சரி. அதற்கு வெளியே இருந்தால், அந்நீர் அப்போது உடலிலிருந்து வந்ததுதானா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. குறைந்தது 45 மில்லிலிட்டர் வேண்டும். அதில் 30 ஒரு புட்டியிலும் 15 மற்றொரு புட்டியிலுமாக, தந்தவரின் கண்ணெதிரிலேயே ஊற்றி முத்திரையிடப்படும். முத்திரைச் சீட்டில் அவரும் தம் பெயரின் முதலெழுத்துகளை இடுவார். முதற்புட்டியின் முடிவை அவர் ஏற்காவிடில், தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் கேட்டு, இரண்டாம் புட்டியை வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் செய்யலாம். அந்தச் சிறிய புட்டி, தொழிலாளியின் மேல்முறையீட்டு மனுவுக்கு ஒப்பாகும்.

இவற்றை ஒரு முறை படித்தவுடன் ஒருவர் தகுதி பெற்றுவிடுவதில்லை. முதலில் பாடம்; பிறகு ஒத்திகை. தொடர்ந்து 5 ஒத்திகைகளைப் பிழையின்றிச் செய்து காட்ட வேண்டும். அவற்றுள் இரண்டு, சிக்கல் எதுவும் இல்லாதவை. மூன்றாவதில், தரப்பட்ட நீரின் அளவு போதாது. நான்காவதில், வெப்பநிலை வரம்புக்கு வெளியே இருக்கும். ஐந்தாவதில், சோதனைக்கு வந்தவர் படிவத்தில் கையொப்பமிட மறுத்து, முத்திரைச் சீட்டில் எழுத்திடவும் மறுப்பார். இந்த வரிசையை வகுத்தவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது யாரும் வேலையைச் செய்துவிடலாம். எதிரே நிற்பவர் அஞ்சி நடுங்கும்போதும், கோபித்துக் கத்தும்போதும், விதியில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் செய்வதற்கே பயிற்சி தேவைப்படுகிறது. அச்சத்தால் சிறுநீர் வராமற்போவதும் உண்டு. அப்போது அவரை வைது விரட்டக் கூடாது. 3 மணி நேரம் வரை அவகாசம் தந்து, ஏறத்தாழ 1.2 லிட்டர் வரை பருக நீர் தந்து காத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஒத்திகையை அனுபவமிக்க ஒருவர் மேற்பார்த்து, பிழையின்றி நடந்தது என்று எழுத்தில் உறுதி கூற வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க அரசு இவர்களுக்கு நேரடியாகப் பட்டயம் எதுவும் வழங்குவதில்லை. பயிற்சி பெற்றதற்கான எழுத்துச் சான்றை அவரவரே வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும். சோதிக்கப்படுபவரின் நேர் மேலதிகாரி, வேறு ஆள் இருக்கும்போது, மாதிரி எடுப்பவராக அமர இயலாது. பகைமைக்கோ சலுகைக்கோ இடம் வைக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

எழுத்துப் பணியில் உள்ள நாம் சிறு பிழை என்று கருதுபவை இங்கே பெரும்பிழைகளாகும். புட்டியில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒத்திராவிட்டால் அச்சோதனை செல்லாது. எடுத்தவரின் பெயரும் கையொப்பமும் ஒருங்கே இல்லாவிட்டாலும் செல்லாது. அவ்வாறு ஒருவரது பிழையால் ஒரு சோதனை ரத்தானால், அவர் 30 நாட்களுக்குள் மறுபயிற்சி பெற்று, மேலும் 3 ஒத்திகைகளைப் பிழையின்றி முடிக்க வேண்டும். போதையில் இருந்தவர் தப்பிவிடுவதும், குற்றமற்றவர் மாட்டிக்கொள்வதும் இத்தகைய எண் பிழையால் நேரக்கூடும் அல்லவா?

ஆய்வின் முடிவு சரியாக இருந்தும் பொருள் தவறாகக் கொள்ளப்படுவதும் உண்டு. நம் வீடுகளில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதையே. அதை மிகுதியாக உண்டவரின் சிறுநீரில் மார்ஃபின் சிறிதளவு தென்படலாம். இக்காரணத்தாலேயே அமெரிக்க அரசு, அபின் வகைகளுக்கான வரம்பை 1998இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியது. கேரளத்திலும் 2025 ஜூலையில் ஒரு நிகழ்ச்சி செய்தித்தாள்களில் வந்தது. பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் காலைநேர மூச்சுச் சோதனையில், மது அருந்தாத ஓட்டுநர்கள் அருந்தியவர்களாகக் காட்டப்பட்டனர். காரணத்தை ஆராய்ந்தபோது, அவர்கள் உண்ட பலாச்சுளையே அது என்று தெரிந்தது. நன்கு பழுத்த பழத்தில் இனிப்பு நொதித்துச் சிறிது மதுசாரம் உண்டாகிறது. அது வாயில் தங்கியிருக்கும்போது கருவி அதையும் அளந்துவிடுகிறது. முன்பு சோதனையில் தேறிய ஒருவருக்கே சுளையைத் தந்து மீண்டும் ஊதச் செய்து இதைக் கண்டறிந்தார்கள். கருவி காட்டிய எண்ணோடு நின்றுவிடாமல் மறுமுறை சோதித்த அந்தப் பொறுமைதான் அவர்களின் பெயரைக் காத்தது.

விளையாட்டு வீரருக்கு மைதானமே வேலைத்தலம். 2015இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிய எங்கள் காரியவட்டம் போன்ற இடங்களுக்கு வரும் வீரர்களைச் சோதிப்பதற்கென, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2005இல் அமைக்கப்பட்டது. உலகத் தரநிலையின்படி, மாதிரி எடுப்பவரின் அங்கீகாரம் அதிகபட்சம் 2 ஆண்டுகளே செல்லும். சான்று பற்றிய வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீன நீச்சல் வீரர் சுன் யாங்கின் வரலாறு எடுத்துக்காட்டு. 2018 செப்டம்பரில் ஓர் இரவு அவரிடம் மாதிரி எடுக்க ஒரு குழு வந்தது. உடன் வந்த உதவியாளர்களின் சான்றுகள் போதா என்று அவர் வாதிட்டார். எடுத்த இரத்த மாதிரியின் உறை சுத்தியலால் உடைக்கப்பட்டது. முதலில் விசாரித்த குழு அவர் பக்கம் தீர்ப்புக் கூறிற்று. 2020இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு 8 ஆண்டுத் தடை விதித்தது. நடுவர் ஒருவரின் நடுநிலை ஐயத்துக்கு உள்ளானதால் அத்தீர்ப்பு ரத்தாயிற்று. 2021இல் நடந்த மறுவிசாரணையில் தடை 4 ஆண்டு 3 மாதமாயிற்று. சான்றைக் கேட்பதற்கு உரிமை உண்டு. மாதிரியை அழிப்பதற்கு இல்லை என்பது அவ்வழக்கு தரும் பாடம்.

பிற மாநிலங்களில் உழைக்கும் தமிழர்களே, இது உங்களுக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். நம்மில் பலர் தமக்குப் பழக்கமில்லாத மொழியில் அச்சிட்ட படிவத்தில், அவசரத்தில் கையொப்பமிடுபவர்கள். அத்தகைய நாள் வந்தால் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். சோதனைக்கு மறுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். மறுப்பே குற்றமாகக் கொள்ளப்படும் இடங்கள் பல. மாதிரி எடுப்பவர் பயிற்சி பெற்றவரா என்று பணிவாகக் கேளுங்கள். புட்டி உங்கள் பார்வையை விட்டு அகலுமுன் முத்திரையிடச் சொல்லுங்கள். படிவத்தில் எழுதியிருப்பதைப் படித்து விளக்கச் சொல்லிவிட்டுக் கையொப்பமிடுங்கள். புட்டியின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; மொழி தெரியாதவரும் இதைச் செய்யலாம். மருத்துவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். குறை கண்டால், மாதிரியைத் தந்த பிறகு, அன்றே தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள்.

நாளை நம் பிள்ளைகளில் ஒருவரே இவ்வேலையை மேற்கொள்ளக்கூடும். மருத்துவத் துணைப்பணி கற்றவர்களுக்கு இது ஏற்ற தொழில். அவர்கள் கையில் தரப்படுவது ஒரு சிறு புட்டி. அதனுள் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமும், அறிமுகமில்லாத பல பிரயாணிகளின் உயிரும் அடங்கியிருக்கின்றன. இவ்விரண்டையும் ஒரே அளவு மதிக்கக் கற்றவரே பயிற்சி பெற்றவர்.