மண்ணுக்குள் உறங்கும் மலர்கள்



தாம்பரத்தில் என் வீட்டின் பின்புறம் ஒரு வேப்பமரம் உண்டு. அதனடியில் பத்தடி நிலம். காலையில் மூன்று மணி நேரமே அங்கு வெயில் விழும். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் அது போதாது. ஆயினும் அவ்வரை நிழலில் ஆண்டுதோறும் மூவகைப் பூக்கள் முறை வைத்து மலர்கின்றன. அதன் காரணத்தை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

வெங்காயத்தைக் குறுக்கே அரிந்து பாருங்கள். சதைப்பற்றுள்ள ஏடுகளின் நடுவே சிறு குருத்து ஒன்று காணப்படும். ஏடுகள் யாவும் அக்குருத்துக்காகச் செடி சேர்த்து வைத்த கட்டுச்சோறு. குளிர்நாடுகளின் துலிப் மலர் இவ்வுணவைக் கொண்டே பனிக்காலத்தை மண்ணுக்குள் கழித்து, மரங்கள் தழைத்து நிழல் பரப்புமுன் பூத்துவிடுகிறது. பல வாரக் குளிர் இல்லாவிடின் அது செவ்வனே பூப்பதில்லை; ஆகவே அதனைச் சென்னையில் நட்டுப் பயனில்லை. நம் கிழங்குச் செடிகளை உறங்க வைப்பது வறட்சி, எழுப்புவது மழை. சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கோடை மழை சிறிதளவே. இவ்விரு மழைகளே நம் தோட்டத்தின் கடிகாரம்.

முதலில் மலர்வது மே மலர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சித்திரை, வைகாசியில், இலை விரியுமுன்னரே வெறும் மண்ணிலிருந்து தண்டு எழும்; அதன் உச்சியில் எண்ணற்ற சிறு பூக்கள் கூடிச் செந்நிறப் பந்தாக நிற்கும். இதன் குமிழைக் கழுத்தளவு மண்ணில் புதைத்தால் போதும். அடுத்தது அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த மழை லில்லி. நல்ல மழை பெய்த சில நாட்களில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும்.

மூன்றாவது நம் மண்ணுக்கே உரிய செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் முதலில் நிற்பது இதுவே. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர் பெற்றது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடிக்கும். இதழ்கள் பசுமையாக விரிந்து, மஞ்சளாகி, பின் செந்தீயாகும்.

இக்கொடியால் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. எங்கள் தெருக்கோடியில் முட்புதர் மண்டிய வெற்றுமனை ஒன்று இருந்தது. வீடு கட்ட அதனைத் திருத்தியபோது ஒரு காந்தள் கிழங்கை மீட்டு வந்து நட்டேன். கார்த்திகையில் பூத்தது, மார்கழி இறுதியில் இலைகள் பழுத்தன. நீர் போதவில்லை என்றெண்ணி, தையிலும் மாசியிலும் நாள்தோறும் ஊற்றினேன். ஆடியில் மண்ணைக் கிளறினேன். கிழங்கு அழுகிக் கூழாகிக் கிடந்தது. மற்றொன்று எடுக்க அந்த மனையில் புதர் இல்லை. மாடி வீடு நின்றது. பிறருக்குப் பொறுமை போதித்த ஆசிரியன் ஓர் உறக்கத்தை அறியவில்லை!

ஆகவே இவற்றைக் கருதுங்கள். இலை பழுக்கும் வரை அதனை அறுக்க வேண்டா. அடுத்த ஆண்டுக்கான உணவை அதுவே கிழங்குக்கு அனுப்புகிறது. பழுத்தபின் நீரை நிறுத்துங்கள். மணலும் சரளையும் கலந்து, நீர் தேங்காத மேட்டில் நடுங்கள். காந்தளின் முளை கிழங்கின் நுனியில் உள்ளது. நுனி ஒடிந்தால் முளைப்பது அரிது. ஆடியில், இரண்டங்குல ஆழத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. காந்தளின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கென்று மயங்கித் தின்று மாண்டவர் உளர். அளவறிந்து மருத்துவர் தரும்போது அதுவே மூட்டுநோய்க்கு மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கங்களில் இதனைப் பயிரிட்டு விதை எடுக்கின்றனர். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனை நடாதிருத்தலே நன்று. நட்டவர், தொட்ட கையைக் கழுவுக.

காட்டிலும் வேலியிலும் இருப்பதைத் தோண்டாதீர்கள். நான் பின்னர் விதை வாங்கி முளைக்க வைத்தேன். முதல் ஆண்டு புல் போன்ற ஓரிலை. மறு ஆண்டு முழ உயரம். மூன்றாம் கார்த்திகையில் ஒரே ஒரு பூ. இப்போது ஒவ்வொரு தை மாதமும் அக்கொடி காய்கிறது. நீர்க்குடத்தை நான் எடுப்பதில்லை.