மாரியில் வரும் பரீட்சை

வன்னியில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் பிடித்து, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் உச்சத்துக்கு வரும். குளங்கள் வான் பாய்வதும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் கிளம்புவதும் அந்த நாட்களில்தான். காலபோகம் விதைத்த எந்தக் கமக்காரரைக் கேட்டாலும் சொல்லுவார். பரீட்சை நேரசூசி போடுகிறவர்களுக்குத்தான் அது ஞாபகத்தில் நிற்பதில்லை.

கொவிட்டுக்கு முன்பு க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில் நடந்தது. பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் அதைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் நவம்பரில் கொண்டுவந்து நிறுத்தின. 2024 இல் நவம்பர் 25 ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. பின்னர் பெங்கால் புயலாகப் பெயர் பெற்ற தாழமுக்கத்தின் மழையால் 27 ஆம் திகதியே நின்றுபோய், டிசம்பர் 4 ஆம் திகதிதான் மறுபடி தொடங்கியது. அடுத்த வருடம் நவம்பர் 10 ஆம் திகதி தொடங்கினார்கள். முடிய ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கையில் டித்வா புயல் அடித்தது. மிச்சப் பாடங்களை எழுதப் பிள்ளைகள் 2026 ஜனவரி 12 வரை காத்திருந்தார்கள். உயர்தரத்தை ஆகஸ்டுக்கு மீட்டால் மட்டும் போதாது. சாதாரண தரம் வழக்கமாக வைக்கப்பட்டுவந்த டிசம்பரும் எங்களுக்கு மாரிதான்.

2006 இல் முல்லைத்தீவில் பிறந்து, 2025 இல் உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நடக்கவும் பேசவும் பழகிய வயதில், போரால் இடம்பெயர்ந்து மெனிக்பாம் முகாமின் கூடாரம். பன்னிரண்டு வயதில் 2018 டிசம்பர் வெள்ளம். 2020, 2021 இல் கொவிட். வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி, அதற்கும் சிக்னல் தேடி மரத்தடிக்குப் போகவேண்டும். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பூட்டப்பட்டன. கடைசியில் பரீட்சைக்கு நடுவிலேயே புயல். இவை எல்லாமே காலநிலையால் வந்தவை அல்ல. ஆனால் ஏற்கெனவே இத்தனை தடவை அறுந்த படிப்பில், புயலால் போன பத்து நாள் பத்து நாளோடு நிற்காது.

உலகளவிலும் இதே கதைதான். 2024 இல் மட்டும் வெப்ப அலை, புயல், வெள்ளம், வறட்சியால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 இலட்சம் மாணவரின் படிப்பு தடைப்பட்டது என்று யுனிசெஃப் கணக்கிட்டது. அதில் 12 கோடியே 80 இலட்சம் பேர் தென்னாசியாவில்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? 2018 டிசம்பர் 21 இரவு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. பாடசாலைகள் அப்போது விடுமுறையில் இருந்தன. ஆகவே ஏட்டின்படி ஒரு நாள்கூட இழப்பில்லை! வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் இழப்புத் தெரியும்: கொடியில் காயப்போட்ட கொப்பிகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்கள், கரைந்து நீலமாகப் பரவிய மை. அரசாங்கப் பாடநூலுக்குப் பதில் இன்னொன்று கிடைக்கலாம். இரண்டு வருடம் ரியூசனில் எழுதிய குறிப்புக்கு எந்தக் கடைக்குப் போவது? அனர்த்த அறிக்கையில் குடும்பம், வீடு, நலன்புரி நிலையம் எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு. வயல் அழிவை ஏக்கரில் எழுதுகிறார்கள். இழந்த பாடசாலை நாட்களை எழுத இடமில்லை. இடமில்லாததால் அந்த நாட்களுக்கு நிவாரணமும் இல்லை.

கோடையைப் பற்றியும் ஒரு சொல். தகரக் கூரைக்குக் கீழே பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைக்குப் பாடம் ஏறாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விட்ட நாட்களில் வெயிலில் விளையாட்டுப் பயிற்சி வைத்தால், பெற்றோர் தயங்காமல் அதிபரிடம் கேட்கலாம்.

உரிமை என்று எடுத்தால், 5 முதல் 16 வயது வரை கல்வி இலங்கையில் கட்டாயம். அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் கல்வி தனியாக எழுதப்படவில்லை. அரச கொள்கையை வழிநடத்தும் 27 ஆம் உறுப்புரையில்தான் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு வருகிறது. அதனால் வழக்கு என்று போகிறவர்கள் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைப் பிடித்துத்தான் போவார்கள். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. முகாமில் இருக்கிற குடும்பத்துக்கு ஒரு மாதம் சட்டென்று ஓடிவிடும், ஆகையால் இதை முதலே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெரும்பாலான காரியங்களுக்கு நீதிமன்றம் தேவைப்படாது, கடிதம் போதும். வெள்ளத்தால் பிள்ளை வராத நாட்களைத் திகதியோடு அதிபருக்கு எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்துக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 வீத வரவு கேட்பார்கள். அப்போது அந்தக் கடிதம் பேசும். கிராம அலுவலர் சேதம் பதிய வரும்போது, வீட்டோடு நின்றுவிடாமல் புத்தகம், சீருடை, சப்பாத்து, சைக்கிள் எல்லாவற்றையும் சொல்லி எழுதுவியுங்கள். டித்வாவுக்குப் பிறகு அறிவித்த உதவிகளில் பாடசாலைப் பிள்ளைக்கு 15,000 ரூபாவும் இருந்தது. பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள், வாய்ச்சொல்லை நம்பித் திரும்பி வராதீர்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம அலுவலரிடம் போகவேண்டும். பரீட்சை நிலையத்துக்குப் போகும் பாதை மூடினால் வீட்டில் குந்தியிருந்து அழாமல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பரீட்சைத் திணைக்களத்துக்கு 1911 எடுத்துச் சொல்லுங்கள். மாரிக்கு முன்பே குறிப்புகளைத் தொலைபேசியில் படம் பிடித்து, சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தால் ஒரு பாரம் குறையும்.

பாடசாலைகளே நலன்புரி நிலையமாவது இன்னொரு சிக்கல். வீடிழந்த சனத்தை வெளியே போ என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. எந்த மண்டபம் சனத்துக்கு, எந்தக் கட்டடம் வகுப்புக்கு, எத்தனை நாளில் மாற்றிடம் என்பதைப் பிரதேச செயலகமும் வலயக் கல்விப் பணிமனையும் செப்டெம்பரிலேயே இருந்து பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு விண்ணப்பம் போடலாம்: கடந்த மூன்று வருடத்தில் வானிலையால் எங்கள் பாடசாலை எத்தனை நாள் மூடப்பட்டது, அதற்கு ஈடாக எத்தனை நாள் வகுப்பு நடந்தது? ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கமுடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கிடைக்கிற பதிலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுத்து, பரீட்சைத் திகதியைப் பற்றி அந்தக் கூட்டத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்.