எஞ்சினை மாற்றுவதா, மீளக் கட்டுவதா?

பேர்கனில் ஆண்டொன்றுக்கு இரண்டு மீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் வீதிகளுக்கு உப்பும் தூவுவார்கள். பழைய கார் வைத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற ஊர் கிடைப்பது கடினம். ஆனாலும் நோர்வேஜியர்களுக்குப் பழைய அமெரிக்கக் கார்களின் மீது அலாதியான பிரியம் உண்டு. கோடை பிறந்ததும், பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் உறங்கிய வி8 எஞ்சின்கள் உறுமத் தொடங்கிவிடும். 1964இல் பொன்டியாக் ஜி.டி.ஓ. தொடக்கிவைத்து, புகைக் கட்டுப்பாடுகளாலும் 1973 எண்ணெய் நெருக்கடியாலும் அடங்கிப்போன 'மசில் கார்' வகையைச் சேர்ந்தவை அவற்றில் பல.

என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குத் தந்தை விட்டுச்சென்ற சொத்து, 1969ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல். அதன் 350 கன அங்குல (5.7 லீற்றர்) எஞ்சின் நீலப்புகை கக்கியது. "வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதா, இதையே பிரித்துத் திருத்துவதா?" என்று என்னிடம் கேட்டார். நான் பொறியியல் படித்தவன் என்பதால் கேட்டிருக்கலாம். எனக்கோ உடனே நினைவுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில் பெரியப்பா வைத்திருந்த ஒஸ்டின் ஏ40 தான்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது என்பதே காரணம். அதன் ஒக்டேன் எண்ணும் மிகக் குறைவு. ஏ40இன் 1200 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுதான் என்பதால் அது தாக்குப்பிடித்தது. இன்றைய எஞ்சின்களில் அந்த விகிதம் பத்துக்கும் மேல். அவற்றில் மண்ணெண்ணெயை ஊற்றினால் தட்டித் தட்டியே பிஸ்டன் பழுதாகிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்தது. ரிங்குகள் விரைவில் தேய்ந்தன. மாற்று எஞ்சின் என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம். எனவே பட்டறைகளில் இருந்ததையே திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டினார்கள். ஆறு வயதுச் சிறுவனாக, மண்ணெண்ணெய் மணக்கும் கைகளால் பெரியப்பா வால்வுகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நினைவு மங்கலாக இருக்கிறது.

நண்பருக்கு முன்னே இரண்டு வழிகளும் திறந்திருந்தன. அதனால்தான் முடிவெடுப்பது கடினமாக இருந்தது. முடிவை மனம் எடுப்பதற்கு முன் அளவுகோல் பேச வேண்டும் என்றேன்.

முதலாவது, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது. எட்டு சிலிண்டர்களில் மிகத் தாழ்ந்த அழுத்தம், மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான கணக்கு. குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். வால்வு மட்டும்தான் என்றால் தலைப்பகுதியைக் கழற்றிச் செய்யும் வேலையோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, எஞ்சினைப் பிரித்தபின் வார்ப்பை அளப்பது. சிலிண்டர் துளை வட்டம் கெட்டிருந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். 350க்கு வழமையாக 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீற்றர் அளவு. முன்பே ஒருமுறை கடைந்திருந்தால் சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வார்ப்பில் வெடிப்பும் சுவரில் மெலிவும் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

மீளக் கட்டும்போது இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்துவிடலாம். அக்கால எஞ்சின்களில் புகைவால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது பெற்றோலில் கலந்திருந்த ஈயம். உலகில் ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்திவிட்டது. எனவே கடினப்படுத்திய புதிய இருக்கைகளைப் பதிப்பது நல்லது.

எஞ்சின் மாற்றத்தின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 1997இல் கோர்வெட் காரோடு வந்த எல்.எஸ். வகை வி8, எடை குறைந்தது, எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பது, குளிரிலும் ஒரே தட்டில் உயிர்பெறுவது. ஆனால் வாங்கும் விலை செலவின் தொடக்கமே. தாங்கிகள், கியர்பெட்டி, சுழல் தண்டின் நீளம், ரேடியேற்றர், புகைக்குழாய், கட்டுப்பாட்டுக் கணினி, வயர்கள் என்று பட்டியல் நீளும். காபரேற்றருக்கு ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் எரிபொருள் போதும், எல்.எஸ்.க்கு 58 வேண்டும். ஆகவே பம்பும் குழாய்களும்கூட மாறவேண்டும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. பழைய நிரலைத் தூக்கியெறிந்து புதிதாக எழுதலாம் என்று புறப்படுவோம். அதைத் தொட்டுக்கொண்டிருந்த அத்தனையும் உடைந்தபின்தான் வேலையின் அளவு தெரியவரும்.

தொழிற்சாலைகளே இதைச் செய்ததுண்டு. 1489 சிசி பி.எம்.சி. எஞ்சினோடு ஓடிக்கொண்டிருந்த இந்தியாவின் அம்பாசிடருக்கு, 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லீற்றர் எஞ்சினைப் பொருத்தினார்கள். கூடவே ஐந்து வேகக் கியர்பெட்டியும் வந்தது. எஞ்சின் தனியே வருவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

சட்டமும் குறுக்கே நிற்கும். நோர்வேயில் வேறுவகை எஞ்சினைப் பொருத்தினால், வீதிப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவைப்படலாம். முப்பது வயதைக் கடந்து, ஏறத்தாழத் தொழிற்சாலை வடிவிலேயே இருக்கும் வாகனத்துக்குத்தான் 'வெட்டெரான்' என்ற தகுதி. இந்தியாவிலும் பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது.

இனிப் பெரியப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது, பொருட்களும் வந்தன. அடுத்த ஆண்டே பெரியப்பா ஜப்பானிய ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை ஏ40க்குள் பொருத்தினார். அது இறங்குவதற்காகச் சட்டகத்தின் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருந்தது. பழைய எஞ்சின் வேலியோரம் சிலகாலம் கிடந்து, பழைய இரும்புக்காரரிடம் போனது. அவரைக் குறை சொல்லமாட்டேன். கார் வாடகைக்கு ஓடினால்தான் வீட்டில் உலை ஏறும். அவர் காலமானபின், காரை அதன் பழைய உருவத்துக்குக் கொண்டுவர அண்ணர் விரும்பினார். அதன் எஞ்சினும் இல்லை, அதைத் தாங்கிய சட்டகமும் முழுதாக இல்லை. பன்னிரண்டு ஆண்டு மண்ணெண்ணெயைக் குடித்தும் சாகாத எஞ்சின் அது.

இதைச் சொல்லித்தான் நண்பருக்கு ஒரு யோசனை வைத்தேன். எந்த வழியில் போனாலும் திரும்பிவர இடம் இருக்கட்டும். மாற்றுவதானால் சட்டகத்தை வெட்டாமல், ஏற்கனவே உள்ள துளைகளில் பூட்டக்கூடிய தாங்கிகளையே தேடவேண்டும். பழைய எஞ்சினை எண்ணெய் பூசிப் பொதிந்து கொட்டிலில் வைக்கவேண்டும்.

வார்ப்பை அளந்து பார்த்தார்கள். வெடிப்பில்லை, முன்பு கடைந்த அடையாளமும் இல்லை. மீளக் கட்டுவதென்று தீர்மானித்தார். பட்டறைக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். செவ்ரோலே வார்ப்பில், வலப்பக்கத் தலைக்கு முன்னுள்ள சிறு மேடையில், அது எந்தக் காருக்கு உரியது என்பதைக் காட்டும் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பை மட்டமாக்கச் சீவும்போது அவை அழிந்துபோகும். எஞ்சின் நன்றாக ஓடும், ஆனால் இந்தக் காருக்குரியது என்று நிரூபிக்க முடியாது.

உங்கள் வீட்டுக் கொட்டிலிலோ ஊரிலோ இப்படியொரு கார் நின்றால், வேலை தொடங்குமுன் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. பெரியப்பாவின் ஏ40இன் இலக்கம் இன்று எங்களில் எவருக்கும் தெரியாது.