தோரியம் ஏன் நேரா எரியாது?

"நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல தோரியம் கொட்டிக் கிடக்கு. அதை எடுத்து எரிச்சா கரன்ட் கட்டே இருக்காதே!" ஆரணியில் கரன்ட் போய் தறி வீட்டில் இருட்டானதும் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். இன்ஜினியரிங் படிக்கிற உங்களைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. பதில் இதோ.

பந்தியில் வாழை இலையில் தண்ணீர் தெளிச்சதும் ஒரு துளியை விட்டுவிட்டு இலையை லேசா ஆட்டிப் பாருங்க. துளி நீளும், நடுங்கும், மறுபடி உருண்டையாகும். வேகமா ஆட்டினால் நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரியும். கனமான அணுக்கருவும் இப்படித்தான் என்று 1939-ல் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் விளக்கினார்கள். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அணுக்கரு விசை இழுத்துப் பிடிக்கிறது. கரு பிளக்க வேண்டுமானால் ஓர் ஆற்றல் மேட்டைக் கடக்கணும். தோரியம், யுரேனியத்தில் அந்த மேட்டின் உயரம் ஏறக்குறைய 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

மெதுவான ஒரு நியூட்ரான் உள்ளே நுழைந்தால், அது கருவோடு பிணையும்போது வெளிப்படும் ஆற்றலே கருவைக் குலுக்கும். யுரேனியம்-233-ல் இருப்பது 141 நியூட்ரான்கள். ஒன்று தனியாக நிற்கிறது. புதிதாக வருவது அதோடு ஜோடி சேரும். பட்டு நூலில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் கட்டு இறுகுமே, அது மாதிரி. கிடைக்கும் ஆற்றல் சுமார் 6.8. மேட்டைத் தாண்டியாச்சு!

தோரியம்-232-ல் 142 நியூட்ரான்கள், எல்லாம் ஏற்கெனவே ஜோடி. புதுசா வந்தவர் தனி ஆள். கிடைப்பது சுமார் 4.8 தான். கரு குலுங்கும், ஆனால் மேட்டை ஏற முடியாது. காமாக் கதிராக ஆற்றலை வெளியேற்றிவிட்டு அடங்கிவிடும்.

மேட்டைத் தாண்டும் ஆற்றல் இருந்தாலும் பிளவு நிச்சயமில்லை, கவனிங்க. மெதுவான நியூட்ரானை விழுங்கும் யுரேனியம்-233 கருக்களில் நூற்றுக்குச் சுமார் 8, காமாக் கதிரை விட்டுப் பிளக்காமலே அடங்கிவிடும். கிளர்ச்சி நிலை என்பது ஒரு போட்டி: பிளவா, காமாவா?

அப்போ தோரியம் வீணா? இல்லை. அடங்கிய தோரியம்-233 பீட்டா சிதைவில் புரோட்டாக்டினியம்-233 ஆகும். அதன் அரை ஆயுள் சுமார் 27 நாள். அது சிதைந்தால் கிடைப்பது நம்ம யுரேனியம்-233! கல்பாக்கத்தில் 1996-ல் தொடர்வினையைத் தொட்ட காமினி உலைக்கு எரிபொருள் இதுதான். திறன் 30 கிலோவாட் வெப்பம் மட்டுமே. மின்சாரம் எடுப்பதற்கல்ல, ஆய்வுக்கு.

ஆக, தோரியம் அடுப்பில் வைக்கிற விறகு இல்லை. முதலில் விறகாக மாற்றணும். மாற்றுவதற்கான நியூட்ரான்களை வேறு எரிபொருள் தரணும். முதலில் புளூட்டோனியத்தில் ஓடும் வேக ஈனுலைகள், பிறகுதான் தோரியம் என்று இந்தியா மூன்று கட்டமாகத் திட்டமிட்டது இதனால்தான். அடுத்த முறை இருட்டில் யாராவது கேட்டால், வாழை இலையிலிருந்து ஆரம்பிங்க.