யாராவது பார்த்துக்கொள்வார்கள்!



நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நிகழ்கிறது. இருசக்கர வாகனத்தில் வந்த இளைஞர் குருதி வழியக் கிடக்கிறார். சில நொடிகளில் ஐம்பது பேர் கூடிவிடுகின்றனர். ஒருவர் வண்டியை ஓரங்கட்டுகிறார், இன்னொருவர் தண்ணீர் தருகிறார், "யார் பெற்ற பிள்ளையோ!" என்று எல்லோரும் இரங்குகின்றனர். கால் மணி நேரம் கழிகிறது. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டதா?" என்று எவரோ கேட்கும்போதுதான் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கின்றனர். இத்தனை பேரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்!

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது, "மனிதர்களிடம் இரக்கமே இல்லாமற் போய்விட்டது" என்று நாம் பெருமூச்செறிகிறோம். ஆனால் அங்கே குறைந்துபோனது இரக்கமன்று. 'இது என் பொறுப்பு' என்னும் எண்ணமே. "ஆள் கூடினால் பாம்பு சாகாது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இதனைத்தான்.

உலகை உலுக்கிய ஒரு கொலை

1964ஆம் ஆண்டு மார்ச் 13 அதிகாலையில், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்னும் 28 வயதுப் பெண், பணி முடிந்து வீடு திரும்புகையில் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். "38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை" என்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் எழுதியது. அமெரிக்கா அதிர்ந்தது.

பிற்கால ஆய்வுகள் அச்செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று காட்டின. பலர் கூக்குரலைக் கேட்டனரே தவிர, என்ன நடக்கிறது என்பதை முழுமையாகக் கண்டவர் வெகு சிலரே. ஒருவர் சன்னலிலிருந்து அதட்டியிருக்கிறார்; அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் ஓடி வந்து அவரைத் தம் கரங்களில் தாங்கியிருக்கிறார். தன் செய்தியில் பிழை இருந்ததை 2016இல் அந்நாளிதழே ஒப்புக்கொண்டது. எனினும், அச்செய்தி எழுப்பிய வினா வீண் போகவில்லை. பலர் இருக்கும் இடத்தில் உதவி கூடுமா, குறையுமா?

அளந்து பார்த்த அறிஞர்கள்

ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இவ்வினாவை ஆய்வுக்கு உட்படுத்தி, 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, இன்டர்காம் வழியே உரையாடச் செய்தனர். உரையாடலின் நடுவே, மறுபுறம் பேசிக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்துவிட்டதைப் போன்ற குரல் கேட்கும். உண்மையில் அது முன்னரே பதிவு செய்யப்பட்ட குரல்.

அக்குரலைக் கேட்பவர் தாம் ஒருவரே என்று நம்பிய மாணவர்களுள் 85 விழுக்காட்டினர், அது ஓயுமுன்னரே உதவி தேடி வெளியே வந்தனர். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியபோது இது 62 விழுக்காடாகக் குறைந்தது. மேலும் நால்வர் கேட்கின்றனர் என்று நம்பியபோதோ வெறும் 31 விழுக்காடு!

எழுந்து வராதவர்கள் கல்நெஞ்சரா? அல்லர். ஆய்வாளர் அறைக்குள் நுழைந்தபோது, அவர்களுள் பலரின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "அவருக்கு ஒன்றுமில்லையே? யாராவது கவனிக்கிறார்களா?" என்று பதைபதைப்புடன் வினவினர். கவலை இருந்தது; ஆனால் அக்கவலை காலை எழுப்பவில்லை.

அதே அறிஞர்கள் இன்னோர் அறையில் புகையைக் கசியவிட்டனர். தனியே இருந்தவர்களுள் நால்வரில் மூவர் சென்று தெரிவித்தனர். புகையைக் கண்டும் அசையாதிருக்கும்படி முன்னரே சொல்லி வைக்கப்பட்ட இருவரை அருகில் அமர்த்தியபோது, பத்தில் ஒருவரே எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அமர்ந்திருந்தனர்!

காரணங்கள் மூன்று என்று இவ்வாய்வுகள் உணர்த்தின. முதலாவது, பொறுப்பு பலருக்குள் பங்கிடப்படும்போது ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடுகிறது. இரண்டாவது, பிறர் அமைதியாக இருப்பதைக் கண்டு, 'பெரிதாக ஒன்றுமில்லை போலும்' என்று நாமும் எண்ணுகிறோம். அவர்களோ நம் அமைதியைக் கண்டு அவ்வாறே எண்ணுகின்றனர். மூன்றாவது, நாலு பேர் நடுவில் நகைப்புக்கு இடமாகிவிடுவோமோ என்னும் நாணம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நகரத் தெருக்களில் நடந்த 219 சச்சரவுகளைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் ஆராய்ந்து, 2019இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் எவரேனும் ஒருவராவது குறுக்கிட்டிருந்தார். ஆபத்து ஐயமின்றிக் கண்முன் தெரியும்போது மனிதர் பெரும்பாலும் முன்வருகின்றனர். நிலைமை தெளிவற்றிருக்கும்போதும், பிறர் செய்வது நமக்குத் தெரியாதபோதுமே பொறுப்பு கரைந்துபோகிறது.

நம் இல்லங்களில்...

தெருவில் நடப்பது இருக்கட்டும். நம் வீட்டைச் சற்று நோக்குங்கள்.

நான்கு பிள்ளைகளைப் பெற்ற உம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிடுகிறது. மூத்த மகன், தம்பி வாங்கியிருப்பான் என எண்ணுகிறார். தம்பியோ, அக்கா வாங்கித் தந்திருப்பார் என எண்ணுகிறார். வளைகுடாவில் இருப்பவர், "ஊரில் மூன்று பேர் இருக்கிறார்களே!" என்று நிம்மதியாக உறங்குகிறார். உம்மாவோ, பிள்ளைகளுக்குத் தொல்லை தரக் கூடாதென்று வாய் திறப்பதில்லை. நால்வரில் எவருக்கும் பாசம் குறைவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் வீடு வந்து சேரவில்லை. ஒரே பிள்ளையாக இருந்திருந்தால் அன்றே வாங்கியிருப்பார்!

"அவசரமாக இரத்தம் தேவை" என்று இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. அனைவரும் பார்க்கின்றனர், சிலர் மற்ற குழுக்களுக்கு அனுப்புகின்றனர், "நான் வருகிறேன்" என்று எழுதுபவர் அரிது.

ஜனாஸாத் தொழுகையைப் பர்ளு கிஃபாயா என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கிறோம். சிலர் நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும். எவருமே நிறைவேற்றாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். பலருக்குப் பொதுவான கடமையை, 'எவருடையதும் அன்று' என்று கைகழுவ முடியாதபடி அமைந்த இவ்விதியை, அன்றாட வாழ்விலும் எண்ணிப் பார்ப்பது நலம்.

செய்யத்தக்கவை

கூட்டத்தை நோக்கி, "யாராவது உதவுங்கள்!" என்று கூவாதீர்கள். ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீலச் சட்டை அணிந்த ஐயா, நீங்கள் 108க்கு அழையுங்கள், அழைத்ததும் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். 'யாராவது' என்னும் சொல் மறைந்து 'நீங்கள்' என்னும் சொல் வந்தவுடன், அவர் கால்கள் அசையும்.

காவல்துறை, நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்னும் அச்சம் வேண்டா. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுவோரைக் காப்பதற்கான நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. உதவ வந்தவர் தம் பெயரைக் கூற வேண்டுமெனக் கட்டாயப்படுத்த இயலாது. உறவினரல்லாத அவரிடம் சேர்க்கைக் கட்டணம் கேட்கவும் மருத்துவமனைக்கு உரிமையில்லை. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பதை எண்ணும்போது, இச்செய்தி ஒவ்வோர் இல்லத்திலும் தெரிந்திருக்க வேண்டியது அன்றோ?

வீட்டிலும் பொறுப்புக்குப் பெயர் சூட்டுங்கள். உம்மாவின் மாத்திரை மூத்தவருக்கு, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இளையவருக்கு, மாதச் செலவு வெளிநாட்டில் இருப்பவருக்கு, நாள்தோறும் நலம் கேட்பது மகளுக்கு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இவ்விதழை மூடி வைத்ததும், வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையை எடுத்து, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேறு எவரேனும் பார்த்திருப்பார்கள் என்று எண்ணாமல், நீங்களே பாருங்கள்.