ஒரு லிட்டருக்குள் எவ்வளவு காற்று?

சென்னைக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் காரில் இரண்டு வகை பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. இரண்டிலும் மூன்று சிலிண்டர்கள்தான். இரண்டின் கன அளவும் 999 சிசிதான். ஆனால் ஒன்று 72 குதிரைத்திறன் தருகிறது, இன்னொன்று 100. முறுக்குவிசையில் இடைவெளி இன்னும் பெரிது. ஒன்றில் 96 நியூட்டன் மீட்டர், மற்றதில் 160. அதாவது குதிரைத்திறன் சுமார் 40 சதவீதம்தான் கூடியிருக்கிறது; முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. தினமும் காரில் வேலைக்குப் போய்வருகிறவர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவதோ முதல் எண்.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய மட்டும் பீய்ச்சிவிடலாம், அது எளிது. காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பாடு. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு காற்று தானாக வருகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். 100 குதிரைத்திறன் தரும் டர்போ எஞ்சின் அப்படிக் காத்திருப்பதில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது.

அதற்கான சக்தியை அது எடுக்கும் இடம்தான் இந்தக் கருவியின் அழகு. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பமாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. அந்தச் சூடான புகையின் பாதையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய சுழலியை வைக்கிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், எஞ்சினுக்குள் போகும் காற்றை அழுத்துகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை சுழலும். அழுத்தப்பட்ட காற்று சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போனது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரலாம். சூடான காற்று விரிந்துவிடும் என்பதால், இன்டர்கூலர் வழியே அதைக் குளிரவைத்த பிறகே சிலிண்டருக்குள் விடுகிறார்கள்.

இது புதிய யோசனை இல்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச்சென்று சோதித்தார். மெல்லிய காற்றில் மூச்சுத் திணறிய அந்த எஞ்சின், டர்போவை மாட்டியதும் கடல் மட்டத்தில் தந்த சக்தியை உச்சியிலும் தந்தது. இதன் சிறிய வடிவத்தை நம் ஊரிலேயே உணரலாம். மேட்டுப்பாளையத்தில் துள்ளிக்கொண்டு கிளம்பும் சாதாரண கார் ஊட்டியை நெருங்கும்போது சோர்ந்துபோவதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காரில் டர்போ இருந்தால், அது சற்றுக் கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையை நிரப்பிக்கொள்ளும்.

விமானத்திலிருந்து டர்போ காருக்கு இறங்கியபோது முதலில் பந்தயக் குணத்தோடுதான் வந்தது. 1973-ன் பிஎம்டபிள்யூ 2002 டர்போ போன்ற கார்களில், எஞ்சின் நன்றாகச் சுற்றிய பிறகே சக்தி வரும், வந்தால் ஒரேயடியாக வரும். ஸ்வீடனின் சாப் நிறுவனத்தில் பெர் ஜில்பிராண்ட் என்ற பொறியாளர் வேறு கோணத்தில் யோசித்தார். சிறிய டர்போவை வைத்தால் குறைந்த புகையிலேயே அது சுழலத் தொடங்கிவிடும்; அழுத்தம் மிகும்போது மிச்சப் புகையை ஒரு வால்வு வழியே திருப்பிவிட்டால் போதும். உச்ச வேகத்துக்காக அல்ல, சாதாரண வேகத்தில் பிக்கப்புக்காக டர்போ. 1978-ல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போ அப்படிப் பிறந்தது. மேக்னைட்டில் குதிரைத்திறனைவிட முறுக்குவிசை அதிகமாகக் கூடியிருப்பதும் இதே யோசனையால்தான். இன்று ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ உருவாகும் சிறிய டர்போ கார் ஒவ்வொன்றும், என் பார்வையில், அந்தச் சாப் காரின் வாரிசு.

இவை நம் நாட்டில் பெருகியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 2006 மத்திய பட்ஜெட், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தது. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், கோட்டுக்குள் இருக்கும் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40. சட்டம் அளப்பது சிலிண்டரின் இடத்தை. அதற்குள் எவ்வளவு காற்றை அடைக்கலாம் என்று அது சொல்வதில்லை. ஜப்பானிலும் இதுதான் நடந்தது: குட்டிக் கார்களுக்கு 550 சிசி வரம்பு இருந்த 1987-ல், சுசுகி ஆல்ட்டோ ஒர்க்ஸ் டர்போ உதவியோடு 64 குதிரைத்திறன் எடுத்துக் காட்டியது.

சரி, தினசரிப் பயணத்தில் இதனால் என்ன மகிழ்ச்சி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் எடையுள்ள சிறிய கார் சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட, சக்கர உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் வெல்ல ஐந்தாறு குதிரைத்திறன் போதும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கும் இருபதுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய சக்தியெல்லாம் வேகம் கூட்டும் சில நொடிகளுக்குத்தான். முன்னால் போகும் மணல் லாரியை முந்தும்போது, பாலத்தின் ஏற்றத்தில், சிக்னல் விழுந்து கிளம்பும்போது, பக்கச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது. இந்தத் தருணங்களில் எஞ்சின் பெரும்பாலும் 1,800-லிருந்து 2,500 சுற்றுக்குள்தான் இருக்கும். அந்த இடத்தில் எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பதே கேள்வி.

ஹூண்டாய் ஐ20 என் லைனை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். அந்த 172-ம் 1,500 சுற்றிலேயே வந்து 4,000 வரை நிற்கிறது. சாதாரண ஐ20-ன் 1.2 லிட்டர் எஞ்சினில் உச்சமே 115, அதுவும் 4,200 சுற்றில். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கினால் சக்தி. 2,000 சுற்றில் டர்போ எஞ்சின் 49 குதிரைத்திறன் தருகிறது. மற்றது தன் உச்ச முறுக்குவிசையை அங்கேயே தந்தாலும்கூட 33-ஐத் தாண்ட முடியாது. அதே நிறுவனத்தின் க்ரெட்டாவில் வரும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினின் உச்சம் 144 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓட்டுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? சாதாரணக் காரில் லாரியை முந்த நான்கிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, நெஞ்சு படபடக்கக் கடப்போம். டர்போவில் மூன்றாவது கியரிலேயே காலை அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டும். லாரி பின்னால் போயிருக்கும். எதிர்ப்புறத்தில் இருக்கும் நேரம் குறைகிறது என்பதால் இதைப் பாதுகாப்பாகவும் பார்க்கிறேன். இந்தச் சந்தோஷத்துக்கு 150-ஐத் தொட வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே, 30-க்கும் 80-க்கும் நடுவில் முழுதாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்த பெரிய காரில் அதே சுகம் தேவையற்ற வேகத்தில்தான் கிடைக்கும்.

ஆனால் எல்லாச் சாலையும் இப்படி இல்லை. காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரி போன்ற இடத்தில் பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு நகரும்போது எஞ்சின் 1,200 சுற்றைத் தாண்டுவதே அரிது. டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை வருவதில்லை. அப்போது உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். டர்போ இல்லாத 1.2 லிட்டர் கார் அங்கே நிச்சயம் மென்மையாக இருக்கும். டர்போ காரிலோ காலை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று பாயும். டர்போ லேக் என்கிறார்களே, அது இதுதான். மே மாத மதியத்தில் இன்னொன்றும் சேரும். கார் நகராமல் நின்றால் இன்டர்கூலரில் காற்று பாயாது. உள்ளே போகும் காற்று சூடாகவே போகும். எரிபொருள் தானாக வெடித்துவிடாமல் இருக்க கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பிக்கப் சற்று மந்தமாகும்.

கியர்பாக்ஸ் தேர்வு இங்கேதான் முக்கியமாகிறது. மேக்னைட் டர்போ மேனுவலில் முழு முறுக்குவிசை 2,800 சுற்றில்தான் வருகிறது. சிவிடி என்னும் ஆட்டோமேட்டிக் வகையில் உச்சம் 152-ஆகக் குறைந்தாலும் 2,200-லேயே வந்துவிடுகிறது, எஞ்சினை அந்த இடத்திலேயே பிடித்தும் வைக்கிறது. மாருதி ஃப்ராங்ஸ் டர்போவின் ஆட்டோமேட்டிக் வகையில் உள்ள டார்க் கன்வர்ட்டர், கிளம்பும்போது முறுக்குவிசையைத் தானே பெருக்கித் தருவதால் லேக் வெளியே தெரிவதில்லை. ஐ20 என் லைனின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் திறந்த சாலையில் அருமையானது. ஆனால் அந்தக் கிளட்ச்கள் எண்ணெயில் நனையாத உலர் வகை, ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும். பயணத்தில் பாதிக்கு மேல் நெரிசல் என்றால் சிவிடி அல்லது டார்க் கன்வர்ட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி ஓடும் சாலை என்றால் தயங்காமல் மேனுவல்.

மைலேஜ்? ஃப்ராங்ஸ் 1.2 மேனுவலுக்கு நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போ மேனுவலுக்கு 21.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆய்வகச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது, முடுக்கமும் மிதமானது. டர்போவுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. சாலையில் ஒவ்வொரு முறை பாயும்போதும் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் செலவாகத்தான் செய்யும். முழு அழுத்தத்தில் சூட்டைத் தணிக்கவும் சற்று அதிகமாகப் பீய்ச்சப்படும். பொறுமையான காலுக்கு ஒரு லிட்டர் எஞ்சினின் மைலேஜ், அவசரக் காலுக்கு ஒன்றரை லிட்டர் எஞ்சினின் மைலேஜ்.

நம்மூர் ஓட்டுநர்களிடம் உள்ள ஒரு பழக்கம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியருக்குப் போய், அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துவது. சிறிய டர்போ எஞ்சினில் இது ஆபத்து. குறைந்த சுற்றில், மிகுந்த அழுத்தத்தில், தீப்பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். மோசமாக நடந்தால் பிஸ்டனே உடையும். எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் வகைப் பொருட்கள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டறிந்த பிறகு, 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று புதிய ஆயில் தரங்களே வகுக்கப்பட்டன. ஆகவே கையேட்டில் சொன்ன தர ஆயிலையே ஊற்றுங்கள், மாற்றும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். 2 லட்சம் சுற்றில் சுழலும் அச்சு மிதப்பது அந்த ஆயிலின் மேல்தான். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நின்றால் அரை நிமிடமாவது எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்லது.

பட்ஜெட் இடிக்கிறதென்றால் பழைய கார் சந்தையில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ், மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டர்போ எல்லாம் கிடைக்கின்றன. மூன்றுமே ரசித்து ஓட்ட உகந்தவை. இவற்றில் கிலோமீட்டர் மீட்டரைவிட ஆயில் மாற்றிய ரசீதுகளை நம்புங்கள். ரசீது இல்லாத டர்போ காரை நான் வாங்க மாட்டேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்பதையும் கையேட்டில் பார்க்க வேண்டும். எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் டர்போவுக்கு அது ஒருவகையில் உதவி. மைலேஜ்தான் கொஞ்சம் இறங்கும்.

புதியதோ பழையதோ, ஓட்டிப் பார்க்கும்போது காலியான புறவழிச்சாலை வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில், அதே பாதையில், ஏசி போட்டு, வீட்டார் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். முதலில் நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். பிறகு சாலை திறந்த இடத்தில் மூன்றாவது கியரில் 40-ஐப் பிடித்து, காலை அழுத்துங்கள். அழுத்தியதற்கும் கார் எழும்புவதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளி உங்களுக்கு எரிச்சல் தருகிறதா, இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.